சால்வையைத்தான் பிடிச்சனான்

மெல்ல, மெல்ல. ஆ... சரி, இருந்திட்டன். நல்லாயிருப்பீர் தம்பி, கையைக் குடுத்து ஏத்திவிட்டீர். இந்த முழங்கால் ரெண்டும் இப்ப என்ரை சொல்லுக் கேக்கிறேல்லை. இருந்தால் எழும்பாது, எழும்பினால் இருக்காது. நீரும் இரும், பக்கத்திலை இடம் கிடக்கு. தமிழ்தானே? முகத்தைப் பாத்தவுடனை நினைச்சனான்.

தூரமோ போறீர்? அப்ப எனக்கு இன்னொரு உதவி செய்யோணும். பெரிய வேலையில்லை. இன்னும் ஏழெட்டுத் தரிப்புக்கு அங்காலை பஸ் ஒரு வளைவிலை திரும்பும். அதிலைதான் எங்கடை பிள்ளையார் கோயில். இண்டைக்குத் திருவிழா, கடைசி நாள். சாமி தெருவுக்கு வாற நேரம். அந்த இடம் வரேக்கை கையைக் குடுத்து என்னை ஒருக்கா எழுப்பிவிடும். இருந்தபடி பாத்தால் சனத்தின்ரை தலைதான் தெரியும். எழும்பி நிண்டால் ஒரு நிமிசமெண்டாலும் பிள்ளையாரின்ரை முகத்தைப் பாத்திடுவன். அதுக்காகத்தான் இந்தப் பஸ்சிலை ஏறினனான். வேறை ஒரு அலுவலும் இல்லை.

இறங்கிப் போய்ப் பாக்கலாமே எண்டுதானே நினைக்கிறீர்? ஏலாது. கோட்டிலை நீதவான் போட்ட கட்டளை. பன்னிரண்டு மாசத்துக்கு நான் அந்தத் தெருவிலை கால் வைக்கக் கூடாது. பஸ்சிலை அதாலை போகலாமோ எண்டு லோயரிட்டைக் கேட்டனான். இறங்காமல் போனால் ஒண்டுமில்லையாம். இறங்கினால் பிடிப்பினமாம்.

பயப்பிடாதையும், நான் கள்ளனுமில்லை, கொலைகாரனுமில்லை. எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் கோடு கச்சேரி ஏறினதில்லை. நான் குகதாசன். நாவற்புலம் அம்பலவாணர் எண்டால் அந்தக் காலத்திலை தெரியாத ஆக்களில்லை, அவரின்ரை மூத்த மோன். அப்பிடிப்பட்ட என்னைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூட்டிலை ஏத்தினவை தம்பி. ஏனெண்டால், ஒருத்தனுக்கு அடிச்சனானாம். அடிச்சனானாம்! வழக்குப் பேப்பரிலை அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு, அடிச்சுத் தாக்கினதெண்டு. எழுபத்தொரு வயசிலை நான் ஆருக்கு அடிக்க? பெத்த பிள்ளைக்கே ஒரு அடி அடிச்சதில்லை. அடிக்கவுமில்லை, தொடவுமில்லை. சால்வையைத்தான் பிடிச்சனான்.

அது சரி, நீர் ஊரிலை எவடம்?

யாழ்ப்பாணம் எண்டு எல்லாரும்தான் சொல்லுவினம். யாழ்ப்பாணத்திலை எவடம்? சரி, சரி, கோல் வருகுதே, கதையும். பேந்து சொல்லும்.

முடிஞ்சுதோ? மனுசியோ? வீட்டிலை சொல்லாமல் வெளிக்கிட்டீரோ? ஹ்ம், என்ரை மனுசியும் இப்பிடித்தான், இருக்கேக்கை. அவ போய் ஆறு வருசம். அந்தக் கோயில் அவவும் நானுமாகக் கூட்டிக் கழுவின இடம். முந்தி அது தளபாடம் விக்கிற கடையின்ரை குடோன். நிலத்திலை ஒட்டியிருந்த காப்பெற்றை முழங்காலிலை இருந்து கிழிச்சு எடுத்தனாங்கள். இந்த முழங்கால் போனது அங்கைதான். பகல் முழுக்க அந்த வேலை, இரவுக்குப் பெற்றோல் செற்றிலை காவல். அப்பிடி வளத்த கோயில். சாமியைத் தோளிலை காவுற தடியிலை முன்னுக்கு, வலப்பக்கம், அது என்ரை இடம். இருபத்திரண்டு வருசம். ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம். குகதாசண்ணை வரட்டும் எண்டு சாமியை வைச்சுக்கொண்டு நிப்பினம்.

நாலு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் வந்தான். வசீகரன் எண்டு பேர். நாப்பத்தைஞ்சு வயசிருக்கும், ரெயில்வேயிலை சிக்னல் வேலை, நல்ல தோள். ஊர் எது எண்டு கேட்டன். நாவற்புலம் எண்டான். தம்பி, எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லேலாது. இந்தப் பெரிய லண்டனிலை எங்கடை ஊர்ப் பெடியன்! அந்தச் சந்தோசத்திலைதான் நான் விட்ட பிழை. ஊரைக் கேட்டனான், எவடம் எண்டு கேக்க மறந்திட்டன். அண்டையிலை இருந்து ஆரைக் கண்டாலும் முழுக்கக் கேக்காமல் விடுறேல்லை.

நானே கூட்டிக்கொண்டுபோய் என்ரை தடியிலை எனக்குப் பின்னாலை விட்டன். எங்கடை கோயிலிலை ஒரு வழக்கம் இருக்கு. பின்னுக்கு வாறவர் முன்னுக்குப் போறவரின்ரை முதுகிலை ஒரு கையை வைச்சுக்கொள்ளோணும். அப்பதான் அடி பிசகாது. மேலிலை சட்டை இல்லை, வேட்டியும் இடுப்பிலை சால்வையும்தான். மூண்டு திருவிழா தம்பி, மூண்டு திருவிழா அவன்ரை கை என்ரை வெறும் முதுகிலை. நான் களைச்சால் அவனுக்கு அந்தக் கையாலையே விளங்கும். தன்ரை தோளைக் கொஞ்சம் உயத்திப் பாரத்தை வாங்கிக்கொள்ளுவான். பொய் சொல்லக் கூடாது, நல்லாக் காவுவான்.

ஒருநாள் வீதி கூட்டேக்கை தலைசுத்தி விழுந்திட்டன். காருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவனும் அவன்தான். ஆஸ்பத்திரியிலை நான் சத்தி எடுக்க வாயைத் துடைச்சு, தண்ணி பருக்கி... சரி, அதெல்லாம் நடந்தது. தெரியாமல் நடந்தது. தெரியாமல் நடந்ததுக்குக் குற்றமில்லை. இந்த நாட்டுச் சட்டத்திலையும் அப்பிடித்தானாம், லோயர்ப் பிள்ளை சொன்னவ. தற்செயலாப் பட்டால் ஒண்டுமில்லை, தெரிஞ்சுகொண்டு தொட்டால்தான் குற்றம். பாத்தீரோ? எங்கடை ஆக்கள் அந்தக் காலத்திலேயே சொன்னதைத்தான் இவங்களும் சொல்லுறாங்கள்.

போன வருசம் ஒரு செத்தவீட்டுக்குப் போனன். ஊராள் ஒருத்தர் என்ரை காதுக்குள்ளை வந்து சொல்லுறார், "உவன் உன்னோடை சாமி காவுறானே, உவன் ஆரெண்டு தெரியுமோ? எங்கடை சின்னத்தம்பியின்ரை மோன்" எண்டு. குளத்துக்கு அங்காலை.

உமக்கு விளங்கும்தானே. எந்த ஊரிலையும் ஒரு குளத்துக்கு அங்காலை இருக்கும். சின்னத்தம்பி எங்கடை வளவிலை பனை ஏறினவன். விடியப்பறம் வந்து ஏறுவான், இறங்கி வந்து வாசல் படலைக்கு வெளியிலை நிப்பான். அம்மா தேத்தண்ணி குடுப்பா. சிரட்டையிலைதான். செம்பைச் சிரட்டையிலை முட்டாமல் உயரத்திலை இருந்து ஊத்துவா, ஒரு துளி வெளியிலை சிந்தாது. நல்ல மனுசி. ஒருநாளும் அவனை வெறும் வயித்தோடை அனுப்பினதில்லை. கோயில் திருவிழாவுக்கு அவன்ரை ஆக்கள் வெளிவீதிக்கும் அங்காலை, வயல் வரம்பிலை நிண்டு கும்பிடுவினம். ஒருத்தரும் சண்டை பிடிச்சதில்லை. அவையவைக்கு அவையவையின்ரை இடம் தெரியும். நாங்கள் அவையைத் தொட்டதுமில்லை, அடிச்சதுமில்லை.

அடிக்கிறதுக்கும் தொடோணும்தானே.

அண்டைக்கு நான் வீட்டை வந்து மூண்டுதரம் தோய்ஞ்சன். முதுகிலை கை எட்டாது தம்பி. வயசு போனால் முதுகிலை கை எட்டாது. மகள் ஆரபி கதவிலை தட்டுறாள், "என்னப்பா செய்யிறீங்கள், சுடுதண்ணி முடிஞ்சுது" எண்டு. அவளுக்குச் சொன்னால் விளங்காது. இஞ்சை பிறந்த பிள்ளை.

பிறகு திருவிழா வந்தது. நான் கோயில் நிருவாகத்திலை இருக்கிற ரெண்டுபேரிட்டைப் பக்குவமாச் சொல்லிப் பாத்தன். ஒருத்தர் சிரிக்கிறார். மற்றவர், "அண்ணை, உதுகளை இஞ்சை கதைச்சால் கோயிலின்ரை அரசாங்கப் பதிவு போயிடும்" எண்டார். அவரும் எங்கடை ஆள்தான். பதிவு போனால் போகட்டும் எண்டு சொல்ல ஒரு ஆம்பிளை இல்லை அந்தக் கோயிலிலை.

சாமி தூக்கிற நேரம். மேளம் அடிக்கிறாங்கள், அரோகரா எண்டு சனம் கத்துது. நான் தோளைக் குடுத்தன். பின்னாலை அவன் வந்து நிண்டான். அந்தக் கை என்ரை முதுகிலை வந்து பட்டுது. வேறை நாளிலை எண்டால் எனக்கு அது தெம்பு. அண்டைக்குப் பத்தி எரிஞ்சுது தம்பி, உள்ளதைச் சொல்லுறன். திரும்பினன். "இறக்கடா தோளை, கொப்பன் எங்கடை படலைக்குள்ளை வந்தவனோ" எண்டு கேட்டன். அவன் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான், விலகிறானில்லை. இடுப்பிலை கட்டியிருந்த சால்வையைப் பிடிச்சு இழுத்தன். அவ்வளவுதான். அவன் தட்டுப்பட்டு ஒரு முழங்காலிலை விழ, சாமி ஒருபக்கம் சரிய, நாலுபேர் ஓடிவந்து தாங்கிச்சினம். சாமிக்கு ஒண்டும் நடக்கேல்லை.

இப்ப நல்லாக் கேளும், இதுதான் முக்கியம். தோளைப் பிடிச்சிருக்கலாம், கையைப் பிடிச்சிருக்கலாம், கிட்டத்தான் கிடந்தது. பிடிக்கேல்லை. அந்தக் கோவத்திலையும் நான் கவனமா இருந்தனான். துணியைத்தான் பிடிச்சனான். ஒரு விரல்கூட அவன்ரை மேலிலை படேல்லை.

ஆனால் வாகனம் மறிக்கிறதுக்கு ரெண்டு பொலிஸ் அதிலையே நிண்டவை. சனியன் எங்கை நிக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? அந்தப் பொலிஸ்காரி வசீகரனைக் கேட்டா, அடிச்சவரோ எண்டு. இல்லை, இழுத்தவர் எண்டான். நான் என்ன சொன்னனான் எண்டு கேட்டா. அவன் வாய் திறக்கேல்லை. பக்கத்திலை அர்ச்சனைத் தட்டோடை ஆரபி நிண்டவள். அவளைக் கேட்டா. என்ரை பிள்ளை தம்பி, என்ரை ஒரே பிள்ளை, அப்பிடியே ஒரு சொல்லு விடாமல் இங்கிலீசிலை சொன்னாள். படலை எண்டதுக்கு என்ன சொல்லு எண்டு கொஞ்சம் யோசிச்சாள், பிறகு அதையும் கண்டுபிடிச்சுச் சொன்னாள்.

ஸ்ரேசனிலை விரல் அடையாளம் எடுத்தவை. எடுத்தவன் சின்னப் பெடியன், "உங்கடை கையைப் பிடிக்கலாமோ" எண்டு கேட்டுத்தான் பிடிச்சான். அதையும் சொல்லோணும், மரியாதை தெரிஞ்ச சாதி.

அங்கையே முடிஞ்சிருக்கும் தம்பி இந்தக் கதை. வசீகரன் தனக்கு வழக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டான். மன்னிப்புக் கேட்டு, கையைக் குடுத்தால் போதுமாம், பேப்பரிலை எழுதிப்போட்டு விட்டிடுவினமாம். ஒரு சின்ன அறை. அவன் வந்து நிண்டான். மன்னிப்புத்தானே, கேட்டன். எனக்கு வாய் தேஞ்சுபோகாது. கும்பிட்டும் கேட்டன், ரெண்டு கையையும் கூப்பி, வயசுக்கு இளையவனை. அவன் கையை நீட்டினான்.

நான் கும்பிட்டபடி நிண்டன். அவன் நீட்டினபடி நிண்டான். பொலிஸ்காரி என்ரை முகத்தையும் அவன்ரை கையையும் மாறி மாறிப் பாக்கிறா. எவ்வளவு நேரமெண்டு தெரியாது. கடைசியிலை அவன் கையை மடக்கிப்போட்டு, "வழக்கைப் போடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போனான். அவனுக்கு எவ்வளவு திமிர் பாரும். கும்பிட்டது காணாதாம், கைதான் வேணுமாம்.

லோயர் எங்கடை பிள்ளைதான், கெட்டிக்காரி. சொன்னவ, "ஐயா, சனநெரிசலிலை ஒருத்தரை ஒருத்தர் தள்ளுறது பிடிக்கிறது எல்லாரும் ஏற்றுக்கொள்ளுற விசயம், அது குற்றமில்லை. சாமி சரியப் பாத்தது, அவர் விழுந்திடுவார் எண்டு பயந்து பிடிச்சனான் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு வசனம். மற்றதை நான் பாக்கிறன்" எண்டு. நான் சரியெண்டன். பிறகு அவ இன்னொண்டு சொன்னா. அடிச்சால்தான் அடி எண்டில்லையாம் இஞ்சை. சம்மதமில்லாமல் விரல் நுனி பட்டாலே காணுமாம், காயம் தேவையில்லையாம். ஆள் போட்டிருக்கிற உடுப்பைத் தொட்டாலும் ஆளைத் தொட்ட கணக்காம். கேட்டீரோ நியாயத்தை? துணியும் தோலும் ஒண்டாம். என்ன சட்டம் இது?

கோட்டிலை மூண்டுபேர் இருந்தவை. நடுவிலை ஒரு வெள்ளைக்கார மனுசி, நல்ல சாந்தமான முகம். எனக்கு இங்கிலீஸ் தெரியும், எண்டாலும் பிசகக் கூடாதெண்டு மொழிபெயர்க்க ஒரு இந்தியாப் பிள்ளையை விட்டிருந்தவை. அரச தரப்பு லோயர் எழும்பி என்னைக் கேக்கிறான், "நீங்கள் இவரைத் தொட்டீர்கள், அப்படித்தானே?" எண்டு. சாதாரணமாத்தான் கேட்டான். ஓம், விழாமல் பிடிக்கத் தொட்டனான் எண்டு சொல்லோணும். அவ்வளவுதான். சொல்லிக் குடுத்தது நாக்கு நுனியிலை நிக்குது.

ஆனால் பின்னுக்குச் சனம் இருக்கிற வாங்கிலிலை எங்கடை ஆக்கள் இருபதுபேர் இருக்கினம் தம்பி. ஊராக்கள். அவையளுக்கு முன்னாலை, சத்தியம் செய்துபோட்டு, நான் அவனைத் தொட்டனான் எண்டு சொல்லுறதோ? நாளைக்கு ஊர் முழுக்கப் போகாதோ, அம்பலவாணரின்ரை மோன் சின்னத்தம்பியின்ரை மோனைத் தொட்டவன் எண்டு? எழும்பினன். "தொடேல்லை. சால்வையைத்தான் பிடிச்சனான். வேணுமெண்டுதான் சால்வையைப் பிடிச்சனான். ஏனெண்டால் அவையை நாங்கள் தொடுறேல்லை" எண்டு சொன்னன்.

அந்த இந்தியாப் பிள்ளை என்னைப் பாத்தாள். ஒருக்காத் தண்ணி குடிச்சாள். பிறகுதான் மொழிபெயர்த்தாள். நடுவிலை இருந்த மனுசி பேனையைக் கீழை வைச்சா.

வெளியிலை வந்து லோயர்ப் பிள்ளை கேக்கிறா, "ஐயா, நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சின்ன வகுப்பிலை படிக்கேல்லையோ?" எண்டு. படிச்சனான். ஆனால் நான் உண்மையைத்தானே சொன்னனான்? நாலுபேருக்கு முன்னாலை நெஞ்சை நிமித்தி உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை. அவனுக்குக் கிட்டப் போகக்கூடாது, கதைக்கக்கூடாது, கோயில் தெருவுக்கு ஒரு வருசம் வரக்கூடாது.

ஆரபி அண்டைக்கு வீட்டை வந்து உடுப்புகளை அடுக்கினாள். ஏன் பிள்ளை எண்டன். "நீங்கள் பொய் சொல்லித் தப்பி வந்திருந்தா நான் பேசாமல் இருந்திருப்பன் அப்பா. நீங்கள் உண்மையைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" எண்டாள். இது என்ன கதை, சொல்லும்? பொய் சொன்னால் நல்ல தேப்பன், உண்மை சொன்னால் கூடாத தேப்பனோ? இப்ப வேறை வீட்டிலை இருக்கிறாள். காலமை எட்டு மணிக்குப் போனிலை ஒரு மெசேச் வரும், குளிசை போட்டாச்சோ எண்டு. ஓம் எண்டு அனுப்புவன். அதுதான் எங்கடை கதை.

எனக்கு அவமானம் பெரிசில்லைத் தம்பி. பழகிப்போச்சு. இந்தத் திருவிழாதான்... கொடியேத்தத்திலை இருந்து பத்து நாளும் நான் இந்தப் பஸ்சிலை போய் வாறன். இருந்த இடத்திலை இருந்து எட்டி எட்டிப் பாத்து, ஒருநாளும் சாமி தெரியேல்லை. கோயிலுக்கு உள்ளை விடாமல், தூரத்திலை நிண்டு கும்பிடு எண்டு சொன்னால் அது எப்பிடி இருக்குமெண்டு உமக்குத் தெரியுமோ? அந்த மேளச் சத்தம் மட்டும் கேக்கும், கர்ப்பூர மணம் மட்டும் வரும், சாமி இல்லை. அதை அனுபவிச்சால்தான் தெரியும்.

என்ன?

தெரியுமோ? உமக்கு எப்பிடித் தெரியும்? நீரும் வழக்கிலை மாட்டினீரோ?

ஓ. சின்ன வயசிலையோ. தேப்பனோடையோ.

நீர் எவடம் எண்டு சொன்னீர்? ஊர்ப் பேரைக் கேக்கேல்லைத் தம்பி, அந்த ஊர்க் கோயிலடி எனக்கும் தெரியும், அங்கை எங்கடை சொந்தக்காரர் இருக்கினம். கோயிலுக்கு எந்தப் பக்கம்?

அங்காலையோ. குளத்துக்கு... ம்.

ம்.

இல்லை, ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான். நான் இப்பிடித்தான், வாய் சும்மா இராது. நல்லது, நல்லது. நல்ல உத்தியோகமோ? சந்தோசம். இப்பெல்லாம் அவையளும் நல்லாப் படிச்சு வந்திட்டினம்.

பஸ் நிண்டிட்டுது போலை. பொலிஸ் மறிச்சிருக்கினமோ? ஓம், மேளம் கேக்குது. சாமி வளைவுக்கு வந்திட்டுது. ஐயோ, இவ்வளவு கிட்ட! நேரம் இருக்கு, சாமி கடக்கிறவரைக்கும் பஸ்சை விடமாட்டினம். பிள்ளையாரப்பா...

வேண்டாம் தம்பி. வேண்டாம், கையை எடும். முந்திச் சொன்னனான்தான், இப்ப வேண்டாம். நான் இந்தக் கம்பியைப் பிடிச்சு எழும்புவன். முந்தியும் எழும்பியிருக்கிறன். பொறும்... ஆ... அம்மா...

பிடிக்காதையும்! கேளாமல் ஒருத்தரைத் தொடக்கூடாது, இந்த நாட்டிலை சட்டம் இருக்கு. இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னனான்? எனக்குச் சம்மதமில்லை. சம்மதமில்லை எண்டால் விடோணும்.

இன்னொருக்காப் பாக்கிறன். கம்பி வழுக்குது. ஏலாமல் கிடக்கு.

குடை தெரியுது. குடையின்ரை நுனி. அங்காலை ஒரே தலை. நீர் நிக்கிறீர்தானே, உமக்குத் தெரியுதோ? என்ரை தடியிலை முன்னுக்கு ஆர் நிக்கினம்? இல்லை, சொல்லாதையும். எனக்குத் தேவையில்லை.

கையை மடக்கும் தம்பி. சனம் பாக்குது. அவனும் இப்பிடித்தான் நீட்டிக்கொண்டு நிண்டவன்.

சாமி கடந்து போட்டுதோ? சத்தம் அங்காலை போகுது. ஓம், பஸ் வெளிக்கிட்டிட்டுது. போட்டுது.

சரி. இனி அடுத்த வருசம். எழுபத்திரண்டு. பாப்பம்.

நீர் உம்மடை இடத்திலை இறங்கும், எனக்காக நிக்கவேண்டாம். கோவிக்காதையும், உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. நான் கடைசித் தரிப்புவரை இருந்து, ட்ரைவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடிச்சு இறங்குவன். அவர் சோமாலியாவோ எந்த நாடோ, நல்ல மனுசன், நெடுகப் பிடிச்சு விடுறவர். அவரிலை பரவாயில்லை. அவர் எவடத்தான் எண்டு எனக்குத் தெரியாதுதானே.

உம்மையும் கேட்டிருக்கக் கூடாது. கேளாமல் விட்டிருந்தால் இண்டைக்கு நான் சாமியைப் பாத்திருப்பன்.